நொன்னா வீட்டு இரண்டாவது குசினி

1993 இல் கனடாவின் ரொறன்ரோவில், செயின்ட் கிளேர் வெஸ்ட் பக்கம் ஒரு பேஸ்மென்ட்டை வாடகைக்கு எடுத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கையில் ஆறு மாதக் குழந்தை. வீட்டுக்காரர் இத்தாலியர், கலாப்ரியாவில் ஒரு மலைக்கிராமம் அவர்களுடைய ஊர். அந்த வட்டாரத்தில் வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தபடியே கீழே இறங்கினேன். இறங்கியதும் காரணம் தெரிந்தது. கீழே இருந்த சமையலறை எங்களுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கார அம்மாவுக்கும்தான்.

மேலே அவர்களுக்குப் பளிங்கு பதித்த ஒரு சமையலறை இருந்தது. அடுப்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. விருந்தாளி வந்தால் கோப்பி போடுவதற்கு மட்டும் அது. பொரியல், அவியல், மாப் பிசைதல், போத்தலில் அடைத்தல் எல்லாம் கீழேதான். ரொறன்ரோவில் அந்தத் தலைமுறை இத்தாலியர் வாழ்ந்த பல வீடுகளில் இப்படித்தான். கீழே இரண்டாவது குசினி, முன்வாசல் படிக்கு அடியில் ‘கன்தீனா’ என்கிற குளிர் அறை.

முதல் நாள் அந்த அம்மா அடுப்பைத் தொட்டுக் காட்டி “கூச்சீனா” என்றார். நான் “குசினி” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மேசையிலிருந்த பாணை, அதாவது பிரெட்டை, காட்டி “பானே” என்றார். நான் “பாண்” என்றேன். எழுந்து வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து எங்களிடம் விட்டுப்போன சொற்கள் அவை. போர்த்துக்கேயமும் இத்தாலியமும் லத்தீனின் பிள்ளைகள் என்பதால் இரண்டு வீட்டுச் சொல்லும் ஒன்றாகிவிட்டன. அன்றிலிருந்து எங்களுக்கும் அவர் நொன்னாதான். நொன்னா என்றால் பாட்டி. அவருடைய கணவர் நொன்னோ.

இரண்டாவது வாரம் நான் தூள் இடிக்கச் செத்தல் மிளகாய் வறுத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தும் நெடி வீடு முழுக்க ஏறிவிட்டது. மேலே நடமாடும் சத்தம் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. இதற்கு முந்திய வீட்டில் இதே காரணத்துக்காகப் பேச்சு வாங்கியிருக்கிறோம். நொன்னா தும்மிக்கொண்டே இறங்கி வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கன்தீனாவுக்குள் போய், நூலில் கோத்துக் காயவைத்த சிவப்பு மிளகாய்ச் சரம் ஒன்றைத் தூக்கி வந்து என் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டார். கலாப்ரியர் காரம் தின்கிற சனம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

எட்டு வருடம் அங்கே இருந்தோம். புலம்பெயர்ந்த நாட்டில் பிள்ளைகளுக்கு நம் வழக்கங்களை எப்படிக் கொடுப்பது என்று இளம் தாய்மார் என்னிடம் கேட்பார்கள். நான் சொல்வதெல்லாம் அந்தக் குசினியில் பார்த்ததுதான். அங்கே யாரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து “இது எங்கள் பண்பாடு” என்று சொன்னதை நான் கேட்டதில்லை. கையில் வேலை கொடுத்தார்கள்.

தக்காளி நாள் என்றால் வருடத்தின் பெரிய நாள். ஆகஸ்ட் கடைசி, அல்லது செப்டம்பர் முதல் வார இறுதி. நான்கு குடும்பத்துக்குச் சேர்த்து இருபது புஷல் தக்காளி வந்து இறங்கும். ஒரு புஷல் ஏறக்குறைய 24 கிலோ. நீளமாக, சதை கூடிய, விதையும் நீரும் குறைந்த ரோமா அல்லது சான் மர்சானோ வகைதான் வேண்டும். அவற்றைக் கராஜில் பழைய படுக்கை விரிப்புகளின் மேல் பரப்பி இரண்டு மூன்று நாள் விடுவார்கள். காயாக வந்தவையும் பழுத்து, எல்லாம் ஒரே சிவப்பாகும். நொன்னா இரவில் எழுந்து போய் டார்ச் அடித்து அழுகலைப் பொறுக்குவார்.

அன்று விடிய ஐந்து மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிடுவார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு வேலை உண்டு: ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துளசி இலை போடுவது. நம் துளசி இல்லை, அவர்கள் ‘பசீலிக்கோ’ என்கிற இனிப்புத் துளசி. எட்டு வயதுக்காரர் போத்தலின் வாயைத் துடைப்பார். பன்னிரண்டு வயதில் மூடி போடலாம். மீசை அரும்பிய பையன்கள் தோலையும் விதையையும் பிரிக்கிற மெஷினைச் சுற்றுவார்கள். வெட்டிப் பார்த்துப் பழுதை எறிவது பெண்கள், நெருப்பு நொன்னோவின் பொறுப்பு. வயது ஏற ஏற வேலையும் ஏறும். அடுத்த வருடம் மூடி போடலாம் என்று ஒரு பையன் குதித்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்திருக்கிறேன். என் மகள் மூன்று வயதிலேயே துளசி இலைக்காரி ஆகிவிட்டாள்.

இனி செய்முறை. முப்பது வருடத்தில் நான் திருத்திக்கொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நொன்னா செய்த எல்லாவற்றையும் அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். மெஷினில் வந்த தோலைத் தூக்கி எறியாமல் இன்னொரு தடவை உள்ளே விடுங்கள். கெட்டியான நல்ல சாறு அதில்தான் வரும். நொன்னா பச்சைச் சாற்றையே போத்தலில் ஊற்றுவார். நான் சாற்றைக் கொதிக்கவைத்துச் சூடாகவே ஊற்றுகிறேன். அவர் புளிப்புக்கு ஒன்றும் சேர்க்கமாட்டார். நான் ஒரு லிட்டர் போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கிறேன், அரை லிட்டர் என்றால் ஒன்று. கடையில் போத்தலில் விற்கும் சாறுதான். பழத்தில் பிழிந்தால் புளிப்பு ஒன்றுபோல இருக்காது. தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்கிற புளிப்பு. அது குறைந்தால் மூடிய போத்தலுக்குள் பொட்டுலிசம் என்கிற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. அதே காரணத்துக்காகத்தான் வெங்காயம், உள்ளி (பூண்டு), எண்ணெய் எதையும் அடைக்கும்போது சேர்க்கக்கூடாது. அதெல்லாம் பிறகு, சமைக்கிற அன்று.

வாயில் அரை அங்குலம் இடம் விட்டு மூடி, தண்ணீர் மூடி நிற்கும்படி அவியவிட வேண்டும். கொதி வந்த பிறகு லிட்டர் போத்தலுக்கு 45 நிமிடம். நொன்னோ முற்றத்தில் பெரிய இரும்பு பரல் வைத்து விறகில் அவிப்பார். அடியில் சாக்கு, போத்தலுக்குப் போத்தல் இடையில் பழந்துணி. சொந்த வீட்டில் முதல்முறை நான் தனியாகச் செய்தபோது அந்தத் துணியை விட்டுவிட்டேன். ஒன்றோடொன்று இடித்து ஐந்து போத்தல் வெடித்தன. ஒரு நாள் உழைப்பு சிவப்புத் தண்ணீராகிப் போனது. துணியை மறக்காதீர்கள். ஆறிய பிறகு மூடியின் நடுவை விரலால் அமத்துங்கள். டக் என்று உள்ளே போய் வந்தால் அது பிடிக்கவில்லை. அந்தப் போத்தலை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரமே தீர்த்துவிடுங்கள்.

முதல் தக்காளி நாள் காலையில் நொன்னா என்னை ஒரு பக்கமாக இழுத்து, காதுக்குள் ஏதோ கேட்டார். பாதி கலாப்ரியப் பேச்சு, பாதி ஆங்கிலம். புரிய நேரம் எடுத்தது. மாதவிலக்கு நாளா என்று கேட்கிறார். அப்படியென்றால் தக்காளியைத் தொடக்கூடாதாம், போத்தல் கெட்டுவிடுமாம். எங்கள் ஊரில் ஊறுகாய்ச் சாடிக்கும் வேப்பம்பூ வடகத்துக்கும் அம்மம்மா சொன்ன அதே சட்டம். கடல் கடந்து வந்து இதையும் சந்தித்தேனே என்று இருந்தது. அந்த வருடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து நொன்னாவின் பெரிய பேத்தி, அந்த நாளில் வேண்டுமென்றே முழு நாளும் நின்று தக்காளி வெட்டினாள். வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பாட்டியிடம் சொன்னாள். ஒரு போத்தலும் கெடவில்லை. நொன்னா அடுத்த வருடம் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மரபை அன்போடு பிடித்துக்கொண்டே அதற்குள் இருக்கிற அவமரியாதையை உதறலாம் என்று அந்தப் பெண்ணிடம் கற்றேன். என் மகளிடம் நான் அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை.

நாவூறு விஷயம் வேறு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மாலை முழுக்க வீரிட்டு அழுதாள். நொன்னா இறங்கி வந்து முதலில் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார், காதைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றானதும் “மலோக்கியோ” என்றார். கெட்ட கண். சூப்புக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, விரலை ஒலிவ் எண்ணெயில் தோய்த்து மூன்று சொட்டு விட்டார். சொட்டு முத்தாக மிதந்தால் கண் இல்லை; பரவிக் கரைந்தால் கண் உண்டு. எண்ணெய் பரவியது. சிலுவை அடையாளம் போட்டபடி முணுமுணுத்தார். நடுவில் அவருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி, கண்ணில் நீர். பிடித்த கண் தன் வழியாக வெளியேறுகிறது என்று அதற்கு அர்த்தம். பிறகு இதைச் சொன்னபோது அம்மா, “நல்லது. நீயும் உப்பும் மிளகாயும் சுத்திப் போடு” என்றார். இரண்டும் நடந்தன. குழந்தை தூங்கினாள்.

அந்தச் சொற்களை எனக்குச் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்று தலையாட்டினார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முந்திய இரவு, நள்ளிரவில் மட்டும்தான் கைமாற்றலாம். வேறு நாளில் சொன்னால் சக்தி போய்விடும். 1996 நத்தாரில் பேத்திக்குப் பதினொரு வயது. அவளை அந்தக் கீழ்க்குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். பத்து நிமிடத்தில் அவள் வந்தாள், முகம் வேறாக இருந்தது. வருடத்தில் ஒரு இரவுதான் என்று கதவைச் சாத்தியதால்தான் அந்தப் பிள்ளைக்கு அது இன்றும் மனப்பாடம் என்று நினைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால் எந்தப் பிள்ளைக்கும் அவசரம் இராது.

அந்த இரவுக்கு ‘விஜிலியா’ என்று பெயர். இறைச்சி கிடையாது, மீன் மட்டும். நடுநாயகம் ‘பக்கலா’, உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீன். கருவாட்டு ஊரிலிருந்து வந்த எனக்கு அதன் வாசமே வீடு. சமைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தடித்த துண்டாக வாங்கி, இரண்டிலிருந்து மூன்று நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்து ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள். சமைக்க முன் நடுச்சதையில் ஒரு துணுக்குப் பிய்த்து வாயில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் உப்புப் போயிருக்கும், நடுவில் நிற்கும்.

வைன் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, அது நொன்னோவின் ராச்சியம். செப்டம்பர் கடைசியில் கலிபோர்னியாவிலிருந்து மரப்பெட்டிகளில் திராட்சை வரும். நசித்துப் புளிக்கவிட்டு, நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் முதல் வாய் பார்ப்பார்கள். அந்த நாளில் எல்லாச் சாறும் வைன் ஆகும் என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. நொன்னோ எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: திராட்சை புளிக்கிற நாட்களில் கராஜ் கதவைத் திறந்துவிடாமல் உள்ளே போகாதே. புளிப்பில் கிளம்பும் கரியமிலவாயு தாழ நிற்கும், மூச்சு முட்டும்.

காற்றில்லாத இடத்தின் பயம் அவருக்கு நன்றாகத் தெரியும். 1957 இல் கப்பலில் ஹாலிஃபக்ஸ் துறைமுகத்தின் 21 ஆம் இறங்குதுறையில் வந்து இறங்கியவர். ரொறன்ரோவின் கழிவுநீர்க் குழாய்களுக்கும் சுரங்கங்களுக்கும் மண் வெட்டியவர்களில் ஒருவர். 1960 மார்ச் 17 அன்று ரொறன்ரோவின் ஹாக்ஸ் ஹாலோ பகுதியில், நிலத்துக்கடியில் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எழுந்த கோபத்தில்தான் ஒன்ராறியோ மாகாணத்தின் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் மாறின. நொன்னோ அப்போது வேறொரு சுரங்கத்தில் இருந்தார். யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அந்த ஐந்து பேரின் நினைவாக ஒரு பெரிய துணிச் சித்திரம் 2010 இலிருந்து இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன்.

நகரத்துக்கடியில் வாழ்நாளெல்லாம் வெட்டிய அதே கைதான் வருடத்துக்கு ஒரு தடவை பின்வளவில் அத்தி மரத்துக்குக் குழி வெட்டும். அத்தி மத்தியதரைக்கடல் மரம், ரொறன்ரோப் பனிக்குத் தாங்காது. ஊரிலிருந்து பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்த தடி அது. நவம்பரில் இலை கொட்டியதும் அதை உயிரோடு புதைப்பார்கள். ஏப்ரலில் எழுப்புவார்கள்.

1999 அக்டோபரில் நொன்னோ இறந்தார். செய்தி கேட்ட அன்று இரவு நான் இடியப்பம் அவித்து, பாலும் மஞ்சளும் கூடின சொதி வைத்து மேலே கொண்டுபோனேன். யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொடுப்பார்கள். இவர்களுக்கு அது ‘கோன்சொலோ’, ஆறுதல். அயலவர் பெரிய பெரிய சட்டிகளில் சூப்பும் பாஸ்தாவும் கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் நானும் இடியப்பத் தட்டோடு நின்றேன். நொன்னா முதல் கவளத்தை என் தட்டிலிருந்துதான் எடுத்தார். செத்தவீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். மெல்லாமலே விழுங்கக்கூடிய, சூடான ஏதாவது கொண்டுபோங்கள். திருப்பித் தரத் தேவையில்லாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, மகன்மார் வேலைக்குப் போன ஒரு காலை, கறுப்பு உடுப்போடு நொன்னா தனியாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவதை ஜன்னலால் கண்டேன். என் கணவர் ஓடிப்போய் வாங்கினார். அன்று அவர் நின்று சொல்லச் சொல்ல, இவர் வெட்ட, நான் ஒரு கொப்பியில் எழுதினேன். முதலில் கிளைகளைக் கொஞ்சம் கழித்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்ட வேண்டும். மரம் விழவேண்டிய பக்கம், அது படுக்கும் நீளத்துக்கு, முழங்கால் ஆழத்தில் குழி. பிறகு, குழிக்கு எதிர்ப்பக்கத்து வேரை மண்வெட்டியால் நேராக இறக்கி அறுக்க வேண்டும். பக்க வேர்களை விட வேண்டும், அவைதான் கீல் மாதிரி. மெதுவாகச் சாய்த்து, மேலே பலகை, காய்ந்த இலை, மண், கடைசியில் படங்கு (தார்ப்பாய்). எழுப்புவது ஏப்ரல் நடுவுக்குப் பிறகு, முகில் மூடிய நாளாகப் பார்த்து. இருட்டில் கிடந்த மரத்துக்கு முதல் நாளே வெயில் கூடாது. மார்ச்சில் நான்கு நாள் சூடு கண்டதும் ஏமாந்து எழுப்பாதீர்கள். அப்படி எழுப்பி ஒரு வருடம் எங்கள் மரத்தின் குருத்தெல்லாம் பனியில் கருகிவிட்டது. வளவு இல்லாதவர்கள் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் சூடாக்காத கராஜில் வைத்து, மாதம் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டாலும் பிழைக்கும்.

2001 இல் ஸ்காபரோவில் சொந்த வீடு வாங்கிப் போனபோது நொன்னா இரண்டு அத்தித் தடி வெட்டித் தந்தார். ஒன்று பிடித்தது. அந்த வீட்டில் நாங்கள் தைப்பொங்கல் செய்யும் விதத்தையும் மாற்றினோம். முன்பெல்லாம் பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது கோலம் ஒருவருக்கு, அரிசி அளந்து கழுவுவது ஒருவருக்கு, பால் பொங்குகிற வரை அடுப்பைவிட்டு அசையாமல் நிற்பது கடைசிப் பிள்ளைக்கு. அந்தப் பொறுப்புக்கு எங்கள் வீட்டில் சண்டையே வரும்.

நொன்னா 2012 இல் போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் வளவில் கொங்கிரீட் போட்டார்கள், அத்தி போய்விட்டது. அடுத்த நவம்பரில் பேத்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பாட்டியின் மரத்துப் பிள்ளை உங்களிடம் இருக்கிறதாமே, புதைக்கும்போது நானும் வரலாமா என்று கேட்டாள். மலோக்கியோவின் சொற்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அத்தி தெரியாது, சிறுவயதில் அந்த வேலை எப்போதும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் போனது.

சப்பாத்தெல்லாம் மண்ணாக அவள் குழி வெட்டினாள். “எந்தப் பக்கம் வேர்?” என்று கேட்டாள். நான் அந்தக் கொப்பியைத் திறந்தேன். 1999 இல் எழுதிய பக்கத்தின் மூலையில் அன்றைய மண் இன்னும் ஒட்டியிருந்தது. ‘அறுக்கும்போது பேசாதே, சத்தம் கேள்’ என்று நொன்னா சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். அவள் மண்வெட்டியின் மேல் காலை வைத்து அமத்தினாள். நாங்கள் இருவரும் குனிந்து நின்றோம்.

நிலத்துக்குள் மெல்லிய ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. மரம் அவள் பக்கமாகக் கொஞ்சம் தளர்ந்தது.